வளர்ப்பு நாயின் உடல் எடை: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஒரு வரலாறு

வளர்ப்பு நாயின் உடல் எடையைச் சீராக வைத்திருப்பது இன்று கால்நடை மருத்துவத்தில் தனிக் கவனம் பெறும் பொருளாகும். அரை நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்படி ஒரு கேள்வி பெரிதாக எழவில்லை. வீட்டு நாய் கொழுத்துவிடுமோ என்று கவலைப்பட்டவர் அரிது. அதன் வயிறு நிறையுமா என்பதே ஐயமாக இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நெல்வயல் பகுதியான நாஞ்சில் நாட்டில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். வடிகஞ்சியும் மீன்தலையும் தின்று அறுத்தடிப்புக் களத்தைச் சுற்றி வந்த நாயின் இடத்தில், இன்று மதிலுக்குள் கட்டப்பட்டுப் பையில் வரும் தீனியும் பிஸ்கட்டும் தின்னும் நாய் இருக்கிறது.

பழைய நாயின் மெலிவு முழுவதையும் நலம் என்று கொள்ள முடியாது. அதில் பசியும் நோயும் கலந்திருந்தன. ஆயினும் நாயை வைத்து வேட்டையாடியவர்களுக்கு, எந்த மெலிவு நல்லது, எது நலிவு என்று பிரித்துப் பார்க்கும் கண் இருந்தது. அந்தப் பார்வையையே 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிவியல் ஓர் அட்டவணையாக வகுத்தது. நாயின் உணவும் உழைப்பும் மாறிய வரலாற்றையும், எடையை அளந்தறியும் முறை உருவான விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழந்தமிழ் நூல்களில் நாய்

சங்க இலக்கியத்தில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்னும் பெயர்களும் வழங்கின. தொல்காப்பியத்தின் மரபியல், நாயின் இளமைப் பெயராகக் குருளை என்பதைக் குறிப்பிடுகிறது. பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளுக்கும் அதே பெயர் உரியது.

சங்கப் பாடல்களில் நாய் பெரும்பாலும் வேட்டையோடு சேர்ந்தே வருகிறது. பெரும்பாணாற்றுப்படை, எயினர் நாய்களை விட்டு முயல்களை விரட்டி, கட்டிய வலையில் பிடிக்கும் காட்சியைத் தருகிறது. அதே நூலில், எயினர் குடியிருப்புக்கு வரும் பாணர்களுக்கு அளிக்கப்படும் விருந்தில் நாய் பிடித்துக் கொண்டுவந்த உடும்பின் இறைச்சியும் இடம்பெறுகிறது. அந்தக் குடியிருப்பில் மனிதர் நாய்க்கு உணவு அளித்ததோடு, நாயும் மனிதருக்கு உணவு தேடித் தந்தது. தினமும் ஓடி உழைத்த அத்தகைய விலங்குக்கு உடலில் கொழுப்பு சேர வாய்ப்பு மிகக் குறைவு.

காவல் நாய்க்கு ஒரு கல்

நாயின் மற்றொரு தொழில் காவல். இதற்கு மிகச் சிறந்த சான்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட இந்தக் கல், எருமைகளுக்காக நடந்த சண்டையில் உயிரிழந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு உரியது. வீரனின் உருவத்துக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்று பெயர் கொண்ட அந்த நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் செய்ததைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. ஒரு நாயின் பெயரையும் செயலையும் சேர்த்துச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டு என்பதால் இது ஆய்வாளரால் தொடர்ந்து எடுத்துக்காட்டப்படுகிறது.

வேட்டை, காவல் ஆகிய இரண்டும் உடல் உழைப்புக்கு உரிய தொழில்கள். நாயின் எடையைப் பற்றிப் பேசும்போது இந்த உழைப்பே முதலில் நினைவில் கொள்ள வேண்டியது.

தென்மாவட்ட வேட்டை நாய்கள்

தமிழ்நாட்டின் நாட்டு நாய் இனங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை புகழ்பெற்றவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயர்களைத் தாங்கியவை. கோம்பை தேனி மாவட்டத்து ஊர். இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்கு உரியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வகையைச் சேர்ந்தவை. நீண்ட கால்கள், ஆழமான மார்பு, உள்வாங்கிய வயிறு, மெல்லிய தோல் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிக்கும் நாய்க்கு ஒவ்வொரு கிலோவும் சுமை. எனவே கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றின் கஞ்சியும் கிடைத்தபோது பாலும் இறைச்சியும் கொடுத்து, வயிறு பெருக்காமல் அவற்றை வளர்த்தனர். விலா எலும்பின் வரிகள் தெரிய வேண்டும், முதுகெலும்பு முள்ளாக நீண்டு நிற்கக் கூடாது என்பது போன்ற கணிப்பு, எழுத்தில் இல்லாமல் கைப்பழக்கமாகவே தலைமுறைகளுக்குக் கடந்து வந்தது.

இப்படிப்பட்ட கணிப்பு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பீட்டர் பெக்ஃபோர்டு 1781இல் வெளியிட்ட வேட்டை பற்றிய நூலில், நரிவேட்டை நாய்களுக்குத் தீனி வைக்கும் முறையை விரிவாக எழுதினார். நாய்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், மெலிந்தவற்றை முன்னதாகத் தின்னவிட வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. கூட்டமாக நாய் வளர்த்தாலும் தீனியை ஒவ்வொரு நாயின் உடலையும் பார்த்தே இட வேண்டும் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது.

நாஞ்சில் நாட்டு நாயின் உணவு

தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு, 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணையும் வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் இதன் அடிப்படை. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை இந்தப் பாசனத்துக்கு வலுவூட்டியது. அறுத்தடிப்புக் காலத்தில் களத்தில் குவிந்த நெல்லுக்கு இரவுக் காவல் தேவைப்பட்டது. காவலுக்குப் படுத்தவரோடு நாயும் வைக்கோல் படப்பின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது.

இந்த நாய்க்கென்று தனியாக எதுவும் சமைக்கப்படவில்லை. சோறு வடித்த கஞ்சி, பழங்கஞ்சியின் மிச்சம், மீன் கழுவும்போது ஒதுக்கிய தலையும் குடலும், தட்டில் மிஞ்சிய சோறு ஆகியவையே உணவு. அதுவும் சிரட்டையிலோ உடைந்த மண்சட்டியிலோ ஊற்றப்பட்டது. கஞ்சித் தண்ணீரில் மாட்டுக்கும் பங்கு உண்டு என்பதால் நாய்க்குக் கிடைத்தது சிறு அளவே. மிச்சத்தை நாய் எலி, தவளை முதலியவற்றைப் பிடித்தும் குப்பைகளைக் கிளறியும் ஈடு செய்தது. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் சாளை, நெத்திலி ஆகிய மீன்களின் கழிவு கூடுதலாகக் கிடைத்தது.

மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் மரச்சீனிக் கிழங்கு முக்கிய உணவாகும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பர்மா சப்பானியர் கைக்குப் போனதும், அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் கடும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அக்காலத்தில் ஏழைகளின் உயிரைத் தாங்கியது மரச்சீனியே. மனிதருக்கே அரிசி இல்லாத காலத்தில் வாசலில் நின்ற நாயின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

பழைய நாய்கள் மெலிந்திருந்ததற்கு உழைப்பு மட்டும் காரணமன்று என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். புரதம் குறைந்த உணவு, கொக்கிப்புழு, உண்ணி, சொறி ஆகியவை பல நாய்களை எலும்பும் தோலுமாக்கின. டிஸ்டெம்பர், வெறிநோய் ஆகியவை உயிரைப் பறித்தன. எனவே முற்காலத்து நாய்கள் எல்லாம் கட்டுடலோடு நலமாக வாழ்ந்தன என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

சோறும் நாயும்

நாய் இறைச்சி மட்டுமே தின்னும் விலங்கு, அதற்குச் சோறு ஆகாது என்ற கருத்து இன்று பரவலாக உள்ளது. வரலாறும் மரபணுவியலும் இதை ஏற்கவில்லை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, பண்ணை நாய்களுக்கு மோர்த்தெளிவில் கலந்த வாற்கோதுமை மாவைக் கொடுக்கச் சொன்னார். நாஞ்சில் நாட்டின் கஞ்சிக்கும் அந்த மாவுக் கலவைக்கும் அதிக வேறுபாடு இல்லை.

2013இல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் எரிக் ஆக்செல்சன் குழுவினர் நாய், ஓநாய் ஆகியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டனர். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேசு நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 படிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருந்தன. மனிதர் வேளாண்மை செய்யத் தொடங்கியபின் அவர்களின் குப்பை மேட்டையும் அடுப்படியையும் சார்ந்து வாழ்ந்த விலங்கிடம் இந்த மாற்றம் நிலைபெற்றது.

ஆகவே சோறு நாய்க்கு நஞ்சன்று. ஆனால் சோறு மட்டுமே போதுமான உணவும் அன்று. அதில் புரதம், கால்சியம், சில வைட்டமின்கள் ஆகியவை நாயின் தேவைக்குக் குறைவு. மரச்சீனியில் புரதம் அரிசியை விடவும் குறைவு.

பையில் வந்த தீனி

நாய்க்கெனத் தொழிற்சாலையில் உணவு செய்யும் வழக்கம் 1860களில் இலண்டனில் தொடங்கியது. இடிதாங்கி விற்கச் சென்ற ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர், துறைமுகத்தில் கப்பல் ரொட்டியை நாய்கள் தின்பதைக் கண்டு, கோதுமை மாவு, காய்கறி, மாட்டின் இரத்தம் முதலியன சேர்த்து நாய் பிஸ்கட் செய்தார். அவரிடம் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் குரஃப்ட் பின்னாளில், 1891இல், தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் 1922இல் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்பது தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால் உலர் தீனிக்கு மவுசு கூடியது. 1957இல் பியூரினா நிறுவனம், மாவுக்கலவையை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கிப் பொரிப்போல் உப்பச் செய்யும் முறையில் உலர் தீனியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் காணும் உருண்டைத் தீனி அந்த முறையின் தொடர்ச்சி.

உலர் தீனியில் ஊட்டச்சத்துகள் கணக்கிட்டுச் சேர்க்கப்படுகின்றன என்பது அதன் நன்மை. அதன் அடர்த்தியே அதில் உள்ள இடர். 100 கிராம் உலர் தீனியில் பொதுவாக 350 முதல் 400 கிலோ கலோரி ஆற்றல் இருக்கும். 100 கிராம் சோற்றில் இருப்பது ஏறக்குறைய 130 கிலோ கலோரி. ஒரே கிண்ணத்தால் இரண்டையும் அளப்பவர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பழைய வழக்கப்படி சோறு வைத்து, அதன் மேல் ஒரு கை தீனியும் தூவும் வீடுகளில் நாய்க்கு இரு முறைகளின் உணவும் சேர்ந்து போகிறது.

வேலை இழந்த நாய்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது பழமொழி. அதன் முதற்பாதி இக்காலத்தில் உண்மையாகிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்ததால் வேட்டை நாயின் மரபுத் தொழில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. நாஞ்சில் நாட்டில் வயல்கள் பல வீட்டுமனைகளாகவும் தென்னந்தோப்புகளாகவும் மாறின. அறுவடை இயந்திரம் வந்தபின் நெல் களத்தில் நாள்கணக்கில் கிடப்பதும் குறைந்தது. களக்காவலும் அதோடு போயிற்று.

இதே காலத்தில் உணவு பெருகியது. பசுமைப் புரட்சிக்குப் பின் அரிசி விளைச்சல் கூடியது. தமிழ்நாட்டில் 2011 சூன் முதல் நியாயவிலைக் கடைகளில் விலையில்லா அரிசி வழங்கப்படுகிறது. பிராய்லர் கோழி எளிதில் கிடைப்பதால் தோலும் கொழுப்பும் நாயின் தட்டுக்கு வருகின்றன. வளைகுடா நாடுகளில் உழைத்த பணம் வந்த வீடுகளில் மதிற்சுவரும் இரும்புக் கதவும் எழுந்தன. அவற்றுக்குள் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பக் முதலிய அயல் இனங்கள் இடம்பிடித்தன. பகலில் கூட்டிலும் இரவில் முற்றத்திலும் இருக்கும் இந்த நாய்கள் ஓடும் தூரம் மிகக் குறைவு.

கருத்தடையும் கருத்தில் கொள்ளத் தக்கது. தெருநாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருத்தடை விதிகள் இந்தியாவில் 2001இல் வந்தன, 2023இல் திருத்தி வெளியிடப்பட்டன. வீட்டு நாய்களுக்கும் இந்த அறுவை இப்போது பரவலாகச் செய்யப்படுகிறது. இதற்குப் பின் நாயின் ஆற்றல் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. தீனியின் அளவைக் குறைக்காவிட்டால் சில மாதங்களில் எடை ஏறும். கருத்தடையைத் தவிர்க்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அறுவைக்குப் பின் தட்டை மறு அளவீடு செய்ய வேண்டும் என்பதே.

கண்ணும் கையும் காட்டும் அளவு

மனிதருக்கு உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் முறை உண்டு. நாய்களில் 2 கிலோ எடையுள்ள சிவாவா முதல் 70 கிலோவைத் தாண்டும் மாஸ்டிஃப் வரை இருப்பதால் அது பொருந்தாது. ஆகவே அமெரிக்கக் கால்நடை ஊட்டச்சத்து வல்லுநர் டாட்டி லாஃப்ளாம் 1997இல் 9 புள்ளிகள் கொண்ட உடல்நிலை மதிப்பீட்டு முறையை வெளியிட்டார். உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கம் 2011இல் வெளியிட்ட ஊட்டச்சத்து வழிகாட்டுதலிலும் இத்தகைய மதிப்பீடு முக்கிய இடம் பெற்றது.

இதில் 1 என்பது எலும்பும் தோலுமான நிலை, 9 என்பது மிகுந்த பருமன். 4 அல்லது 5 சரியான நிலை. பார்க்க வேண்டியவை மூன்று. விலாவின் மேல் கையை மெல்ல வைத்துத் தடவினால், அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின் இடுப்பு சற்று உள்வாங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மார்பை விட மேலேறி இருக்க வேண்டும். 5க்கு மேற்பட்ட ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் எடையைக் குறிக்கும்.

கரிசல் காட்டு வேட்டைக்காரர் தம் நாயின் விலாவைத் தடவிப் பார்த்ததும் இதுதான். அவரிடம் எண்கள் இல்லை. எண்கள் வந்தபின் மருத்துவரும் வளர்ப்பவரும் ஒரே மொழியில் பேச முடிந்தது. அடர்ந்த முடி கொண்ட நாய்களில் கண் ஏமாறும் என்பதால் கைக்கே முதலிடம்.

14 ஆண்டுச் சோதனை

எடைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பித்த புகழ்பெற்ற ஆய்வு அமெரிக்காவில் 1987இல் தொடங்கியது. 48 லாப்ரடார் குட்டிகள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதை விட 25 விழுக்காடு குறைவாக அதே தீனி வாழ்நாள் முழுவதும் கொடுக்கப்பட்டது. 2002இல் வெளியான முடிவுகளின்படி, கூடுதலாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள். குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானம் முதலிய நாட்பட்ட நோய்களும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தன.

கூடுதலாகத் தின்ற நாய்கள் நடக்க முடியாத அளவு பருத்தவை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. பல வீடுகளில் நல்ல வளர்த்தி என்று பாராட்டப்படும் மிதமான பருமனே ஏறக்குறைய 2 ஆண்டு ஆயுளைக் குறைத்தது. பருமன் மூட்டு, முதுகெலும்பு, மூச்சு ஆகியவற்றைப் பாதிக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரப்பதம் மிக்க வெப்பத்தில் இது இன்னும் கடுமையாகும். நாய் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலமே வெளியேற்றுகிறது. கொழுப்பு படிந்த உடலுக்கும், பக் போன்ற தட்டை முக நாய்க்கும் அது எளிதன்று.

லாப்ரடாரின் பசி

எப்போது பார்த்தாலும் பசித்த முகத்தோடு நிற்கும் நாய் என்று லாப்ரடாரைக் கூறுவதுண்டு. அதற்கு உடலியல் காரணம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் குழுவினர் கண்டறிந்தனர். பசி அடங்குவதை மூளைக்கு உணர்த்தும் பாதையில் உள்ள பிஓஎம்சி என்னும் மரபணுவில் ஒரு சிறு பகுதி, ஆராயப்பட்ட லாப்ரடார்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டில் இல்லை. இந்தக் குறையின் ஒவ்வொரு படியும் சராசரியாக 1.9 கிலோ கூடுதல் எடையோடு தொடர்புடையதாக இருந்தது. 2024இல் வெளியான தொடர் ஆய்வு, இத்தகைய நாய்கள் ஓய்வில் செலவிடும் ஆற்றலும் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவு என்று காட்டியது.

இது வளர்ப்பவருக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. கெஞ்சும் நாய் பட்டினியால் கெஞ்சுகிறது என்று கொள்ள வேண்டியதில்லை. அதேபோல், நாய் பருத்திருப்பதற்கு வளர்ப்பவரின் கவனக்குறைவே முழுக் காரணம் என்று பழிப்பதும் முறையன்று.

எடையைக் குறைக்கும் கணக்கு

சுவிட்சர்லாந்தில் பிறந்த மாக்ஸ் கிளைபர் என்னும் அறிஞர், விலங்கின் ஆற்றல் செலவு எடைக்கு நேர்விகிதமாகக் கூடுவதில்லை என்பதை 1932இல் விளக்கினார். அதன் வழியில், ஓய்வு நிலையில் ஒரு நாய்க்குத் தேவையான ஆற்றல், எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. 10 கிலோ நாய்க்கு இது ஏறக்குறைய 395, 20 கிலோ நாய்க்கு 660, 30 கிலோ நாய்க்கு 900 கிலோ கலோரி. எடை இரு மடங்கானாலும் தேவை இரு மடங்காவதில்லை என்பதை இதில் காணலாம்.

எடுத்துக்காட்டாக, 30 கிலோ இருக்க வேண்டிய லாப்ரடார் 36 கிலோ இருந்தால், அது 20 விழுக்காடு கூடுதல். எடை குறைப்புக்கு, இருக்கும் எடையை விடுத்து, இருக்க வேண்டிய எடைக்குரிய 900 கிலோ கலோரியைத் தொடக்க அளவாகக் கொள்வர். வாரத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு, அதாவது 360 முதல் 720 கிராம் வரை குறைந்தால் போதும். மெதுவான வேகத்தில் 4 மாதம் ஆகலாம். அவசரப்பட்டுப் பட்டினி போடுவது தசையைக் கரைக்கும்.

இடைத்தீனி மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மேற்கண்ட நாய்க்கு அது 90 கிலோ கலோரி. ஒரு மாரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கிலோ கலோரி உண்டு. வீட்டில் உள்ள நால்வரும் தத்தம் தேநீரோடு ஆளுக்கு 4 பிஸ்கட் கொடுத்தால் 16 பிஸ்கட், 400 கிலோ கலோரி. நாள் முழுவதற்கும் உரிய உணவில் பாதியை நெருங்கும் அளவு அது. கொடுத்த நால்வரில் ஒவ்வொருவரும் தாம் கொடுத்தது கொஞ்சம்தான் என்றே எண்ணுவர். பல வீடுகளில் எடை குறையாததற்கு இதுவே காரணம். எனவே தீனி இடும் பொறுப்பை ஒருவரிடம் விடுவதும், அன்றைய அளவைக் காலையிலேயே நிறுத்து ஒரு பாத்திரத்தில் வைத்து அதிலிருந்தே எடுத்துக் கொடுப்பதும் பயன் தரும். வெள்ளரி, அவித்த பீன்ஸ், கேரட் துண்டு ஆகியவை பிஸ்கட்டுக்கு மாற்று. நேந்திரங்காய் வறுவல், பொரித்த மீன், தோலோடு கூடிய கோழி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

வீட்டு உணவை மட்டும் பாதியாகக் குறைத்தால் ஆற்றலோடு புரதமும் தாதுக்களும் குறைந்துவிடும். ஆதலால் மருத்துவரின் கருத்துப்படி உணவின் சேர்க்கையை மாற்றுவது நல்லது. தைராய்டு சுரப்புக் குறைவு, குஷிங் நோய் ஆகியவற்றாலும் எடை கூடுவதுண்டு. எனவே முதலில் ஒருமுறை பரிசோதிப்பது முறை. 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போல, தென்மாவட்டங்களுக்கு அருகில் திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நடைப்பயிற்சி வெயில் ஏறுமுன்பும் மாலை மங்கிய பின்பும் அமைய வேண்டும். பருத்த நாயை முதல் நாளே ஓடவிடுவது மூட்டுக்குக் கேடு.

நாட்டு நாயைப் பருக்க வைக்கும் தவறு

சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றை இப்போது நகரத்தாரும் விரும்பி வளர்க்கின்றனர். லாப்ரடாரின் உருவத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவற்றின் விலா வரிகள் பட்டினியாகத் தோன்றுகின்றன. நாய்க்குச் சோறு போடுவதில்லையா என்று அக்கம்பக்கத்தார் கேட்பதும் உண்டு. அந்தக் கேள்விக்கு அஞ்சித் தீனியைக் கூட்டினால் இனத்துக்குரிய உடலமைப்பே கெடும். இவ்வகை நாயில் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் மெல்லத் தெரிவது இயல்பு. அதே நேரத்தில் இடுப்பெலும்பு துருத்துவதும், தொடைத்தசை வற்றுவதும், முடி மங்குவதும் நலிவின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் குடற்புழுவுக்கும் பிற நோய்களுக்கும் சோதிக்க வேண்டும்.

தொகுப்பு

சங்க காலத்தில் உடும்பு பிடித்துத் தந்த நாயும், எடுத்தனூரில் கள்ளரைக் கடித்த கோவிவனும், நாஞ்சில் நாட்டுக் களத்தில் இரவு விழித்த பெயரில்லா நாய்களும் தின்ற உணவை உழைத்துச் செலவிட்டன. தட்டில் விழுந்ததும் அளவாகவே இருந்தது. அந்த இரண்டு கட்டுப்பாடுகளும் இன்று இல்லை. அவற்றின் இடத்தை நிரப்ப வேண்டியது வளர்ப்பவரின் கையே. பசித்த காலத்தில் நாய்க்கு ஒரு பிடி கூடுதலாக வைத்தது அன்பாக இருந்தது. நிறைந்த காலத்தில், விலாவைத் தடவிப் பார்த்து அந்த ஒரு பிடியைக் குறைத்து வைப்பதும் அதே அன்பின் வடிவம்தான்.